வீடு கட்டும் நாட்களில் எழும் தூசும் அயலவரின் உரிமையும்



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகட்டும். ஸலவாத்தும் ஸலாமும் எங்கள் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பின் இஸ்லாமிய நேயர்களே! பெற்றோர்களே! இளைஞர்களே! இன்றைய உரையின் தலைப்பைக் கேட்டவுடன், மௌலவி ஒருவர் மண்ணையும் சீமெந்தையும் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ ஓட்டமாவடியிலோ ஏதாவது ஓர் ஒழுங்கைக்குள் சற்று நடந்து பாருங்கள். பத்து வீடுகளைக் கடப்பதற்குள் ஒரு மணல் குவியலையாவது சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். எமது ஊர்களில் வீட்டு வேலை முடிவதே இல்லை. மூத்த மகளுக்கு ஒரு வீடு, இளைய மகளுக்கு அதே வளவுக்குள் இன்னொரு வீடு, வளவில் இடமில்லையென்றால் மேலே ஒரு மாடி. கிழக்கிலங்கை மக்களைப் பற்றி நீண்டகாலம் ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலாளரும், மகளுக்கு வீடு கொடுக்கும் எமது வழக்கத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மஹர் கொடுக்க வேண்டியவன் மணமகன். அப்படியிருக்க, பெண்ணின் வாப்பா ஆயுளெல்லாம் கல்லடுக்கிக் களைத்துப்போவது பற்றிச் சொல்ல எனக்கு நிறைய உண்டு. அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இன்று நான் பேச வந்தது, அந்த வீடு எழும்பும்போது கூடவே எழும்பும் தூசைப் பற்றி.

சகோதரர்களே! முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் என் மனைவியின் தங்கைக்காக எங்கள் வீட்டின் மேலே மாடி கட்டினோம். வேறிடம் போக வசதியில்லாததால் கீழேயே குடியிருந்தோம். என் மாமிக்கு நெடுநாளாகத் தொய்வு உண்டு. தட்டுப் போட்டு, சுவர் எழுப்பி, பூச்சும் முடியும்வரை எப்படியோ சமாளித்தோம். கடைசியில் டைல்ஸ் பதிக்கும் வேலை வந்தது. கிரைண்டரால் டைல்ஸை வெட்டும்போது வெள்ளைப் புகையாக எழுந்த தூள் படிக்கட்டு வழியே இறங்கி, உடுப்பு அலுமாரிக்குள்ளும் சோற்றுப் பானைக்குள்ளும் குழந்தையின் தொட்டிலுக்குள்ளும் புகுந்தது. என் மனைவி நாளொன்றுக்கு நான்கு முறை கூட்டினார். மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “மகன், இந்தத் தூசுக்குள்ள எனக்கு மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இன்னும் நாலைந்து நாள்தானே மாமி, ஸப்ர் செய்யுங்கள்” என்றேன்.

அன்றிரவு ஒரு மணிக்கு அவரை முச்சக்கர வண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். அவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற எனக்கு நான் சொன்ன அந்த ஸப்ர் என்ற வார்த்தை தொண்டையில் அடைத்துக்கொண்டு நின்றது. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று வினவிய ஒருவருக்கு, முதலில் அதைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டுமாறு நபிகளார் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாகத் திர்மிதியில் வருகிறது. அந்த ஹதீஸை எத்தனையோ குத்பாக்களில் நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். தடுக்க முடியாத சோதனைக்குத்தான் ஸப்ர். ஒரு வாளி தண்ணீரால் அடக்கக்கூடிய தூசுக்கு ஸப்ர் செய்யும்படி நோயாளி ஒருவரிடம் சொன்னது என்னுடைய சோம்பேறித்தனம். அதற்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டியது அதைவிடப் பெரிய தவறு.

அன்பர்களே! நபிகளார் (ஸல்) அவர்களின் வாழ்விலும் கட்டட வேலைக் காலம் ஒன்று இருந்தது. ஹிஜ்ரத் செய்து மதீனாவை அடைந்ததும் அன்னார் தொடங்கிய முதற்பெரும் வேலை மஸ்ஜிதைக் கட்டுவது. வெயிலில் காய்ந்த மண்கல் சுவர், ஈச்ச மரத் தூண்கள், ஈச்ச ஓலைக் கூரை. அதுவும் அதையொட்டிய அறைகளும் கட்டி முடியும்வரை, ஏறத்தாழ ஏழு மாதங்கள், அபூ ஐயூப் அல் அன்ஸாரி (ரழி) அவர்களின் வீட்டில் அன்னார் தங்கியிருந்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அது மாடியுள்ள வீடு. சந்திக்க வருவோருக்கு வசதியாக இருக்குமென்று நபிகளார் கீழ்த்தட்டில் தங்கினார்கள். அபூ ஐயூப் (ரழி) அவர்களும் மனைவியும் மேலே இருந்தார்கள். ஒருநாள் மேலே தண்ணீர்க் குடம் உடைந்து தண்ணீர் பரவியது. போர்த்திக்கொள்ள அவர்களிடம் இருந்தது ஒரேயொரு போர்வைதான். அது கீழே நபிகளார் மீது சொட்டிவிடுமோ என்று அஞ்சி, அந்தப் போர்வையாலேயே அத்தனை தண்ணீரையும் இருவரும் ஒற்றியெடுத்தார்கள் என்று இப்னு இஸ்ஹாக்கின் அறிவிப்பில் காண்கிறோம். அல்லாஹ்வின் தூதரின் தலைக்கு மேலே நடமாடுவதா என்று அவர்கள் கலங்கியதையும், பின்னர் நபிகளாரே மாடிக்கு மாறியதையும் ஸஹீஹ் முஸ்லிமில் பார்க்கலாம்.

மாடி கட்டுகின்ற நாங்கள் இந்தச் சம்பவத்தைச் சற்று நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டும். கீழே இருப்பவர் மீது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்துவிடக்கூடாதே என்று ஒரே போர்வையை நனைத்துவிட்டு அந்த இரவைக் கழித்தவர்கள் அவர்கள். கீழே தொய்வுக்கார மாமி இருக்க, மேலே உலர்ந்த டைல்ஸை வெட்ட விட்டவன் நான்.

தூசு படுவதை எமது மார்க்கம் இழிவாகக் கருதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மஸ்ஜித் கட்டப்பட்டபோது ஏனையோர் ஒவ்வொரு கல்லாகச் சுமக்க, அம்மார் (ரழி) அவர்கள் இரண்டிரண்டாகச் சுமந்தார்கள். அவர் மீது படிந்திருந்த மண்ணை நபிகளார் (ஸல்) அவர்கள் தமது கையாலேயே தட்டிவிட்டதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அகழ் யுத்தத்தின்போது நபிகளாரே மண் சுமந்தார்கள். அன்னாரின் வயிற்றில் புழுதி படிந்திருந்தது. வெயிலில் நின்று சீமெந்து குழைக்கும் தொழிலாளியைக் கண்டு ஒதுங்கிப் போகும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டு வேலைக்கு வந்த மேசன்மாரில் இருவர் அயல் தமிழ்க் கிராமத்தைச் சேர்ந்தவர்கள். இரவில் மாமியைக் கொண்டுபோன செய்தி கேட்டு, மறுநாள் வேலை தொடங்கும் முன்னரே வந்து விசாரித்தவர்கள் அவர்கள்தான்.

வீட்டு வேலைக் காலத்தில் கணவன் மனைவிக்கிடையே சண்டை வராத வீடும் குறைவு. காசு முடிகிறது, வேலை முடிவதில்லை. கூட்டிய இடத்தில் மீண்டும் தூசு. அலி (ரழி) அவர்களுக்கும் ஃபாத்திமா (ரழி) அவர்களுக்கும் இடையே ஒருமுறை ஏதோ மனத்தாங்கல் ஏற்பட்டு, அலி (ரழி) அவர்கள் வீட்டை விட்டுப் போய் மஸ்ஜிதில் படுத்துக்கொண்டார்கள். மேலாடை நழுவி முதுகெல்லாம் மண். தேடிச் சென்ற நபிகளார், மருமகன் மீது கோபப்படவில்லை. என்ன சண்டை என்று துருவவுமில்லை. மண்ணைத் துடைத்துவிட்டு, அபூ துராப், அதாவது மண்ணின் தந்தை என்று செல்லமாக அழைத்து எழுப்பினார்கள். அந்தப் பெயரையே அலி (ரழி) அவர்கள் மிகவும் விரும்பினார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. மகளின் வீட்டுச் சண்டையில் தலையிடும் மாமன்மார் இந்த ஒரு ஹதீஸைப் படித்தாலே போதுமானது.

நேயர்களே! இப்போது, அந்த வெள்ளைத் தூசு என்னவென்று பார்ப்போம். வீதிப் புழுதியும் டைல்ஸ் தூளும் ஒன்றல்ல. மணல், கருங்கல், கொங்கிறீட், டைல்ஸ் ஆகியவற்றில் சிலிக்கா என்ற பொருள் உண்டு. அவற்றை உலர்ந்த நிலையில் வெட்டும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் மிக நுண்ணிய துகள்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கும் இல்லாத அவை, மூக்கையும் தொண்டையையும் கடந்து நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடுகின்றன. ஆண்டுக்கணக்கில் அவற்றைச் சுவாசிப்பவரின் நுரையீரல் தழும்பேறி இறுகிப் போவதைத்தான் சிலிக்கோசிஸ் என்கிறார்கள். அதைக் குணமாக்க மருந்தில்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம் இந்தத் தூசை 1997ஆம் ஆண்டிலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. இந்தியாவின் மந்த்சௌரில் பிள்ளைகள் எழுதும் கற்பலகைக் குச்சி செய்தவர்களும், குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல்லைத் தீட்டி மணியாக்கியவர்களும் இந்த நோயால் இளவயதிலேயே மாண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1930, 1931ஆம் ஆண்டுகளில் ஹோக்ஸ் நெஸ்ட் என்ற சுரங்கப்பாதையைத் தோண்டியபோது, தண்ணீர் விடாமல் உலர் பாறையைத் துளைத்ததால் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இறந்தார்கள்.

ஒரு மாத வீட்டு வேலையால் வீட்டுக்காரருக்குச் சிலிக்கோசிஸ் வந்துவிடாது. வீண் பயம் வேண்டாம். தொய்வு உள்ளவர், முதியவர், கைக்குழந்தை ஆகியோருக்குத்தான் உடனடி ஆபத்து. ஆனால் அந்த டைல்ஸ்காரத் தம்பியை நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் பத்து நாள், அடுத்த வீட்டில் பத்து நாள் என்று அவருக்கு ஆண்டு முழுவதும் இதே தூசுதான். முகத்தில் கட்டியிருக்கும் கைக்குட்டை நுண் தூசைத் தடுப்பதில்லை. என்95 என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். மூக்கோடும் கன்னத்தோடும் நன்றாக ஒட்டியிருக்கும்படி அணிந்தால் அது பயன் தரும். கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டுமென்ற ஹதீஸை நாங்கள் அறிவோம். அவருடைய நுரையீரலைக் காக்கும் செலவும் வீட்டுக்காரரின் கணக்கில் வர வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

பழைய அஸ்பெஸ்டஸ் சீற் விடயத்தில் இன்னும் அதிகக் கவனம் தேவை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி அடித்தபோது நான் மத்ரஸா மாணவன். கரையோர வீடுகளின் உடைந்த சீற் துண்டுகளை நாங்கள் வெறுங்கையால் பொறுக்கி, தலையில் சுமந்து குவித்தோம். அந்த இடிபாடுகளில் கலந்திருந்த அஸ்பெஸ்டஸ் பற்றி 2005இல் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் எச்சரித்தது எங்கள் காதுகளுக்கு எட்டவில்லை. அதன் நார்த்தூசு தரும் புற்றுநோய் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். நல்ல நிலையில் கூரை மேல் கிடக்கும் சீற்றைக் கண்டு பதற வேண்டியதில்லை. அதைக் கழற்ற நேர்ந்தால், நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி, உடையாமல் முழுதாக இறக்க வேண்டும். வாளால் அறுப்பதும், சுத்தியலால் உடைப்பதும், நொறுக்கி ஒழுங்கையின் பள்ளத்தில் கொட்டி நிரப்புவதும் கூடாது. அந்த ஒழுங்கையில்தான் எமது பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

சரி, தூசை எங்கே போகச் செய்வது? எமது ஊர்களில் மழை ஓய்ந்த பின்னர்தான் வீட்டு வேலை சூடுபிடிக்கும். அதே காலத்தில்தான் கச்சான் காற்றும் வீசும். காத்தான்குடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலத்துண்டு. வீட்டுக்கு வீடு மதில்தான் எல்லை. காற்றின் போக்குப் பார்த்து வளவின் கிழக்கு மூலையில் வைத்து வெட்டினால், என் வீட்டில் படாத தூசு அடுத்தவரின் குசினிக்குள் விழும். ஆகவே எங்களுக்கு இருக்கும் ஒரே வழி தண்ணீர். வெட்டும் இடத்தில் தொடர்ந்து தண்ணீர் விட்டு வெட்டினால் தூசு சேறாகி அங்கேயே தங்கிவிடும். அதற்கென்றே தண்ணீர்த் தட்டுடன் கூடிய டைல்ஸ் வெட்டும் இயந்திரம் உண்டு. நாள் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். சாதாரணக் கிரைண்டரில் தண்ணீர் படுவது மின்னதிர்ச்சிக்கு வழியாகும் என்பதால், அதை வைத்து இந்த வேலையைச் செய்ய வேண்டாம். சுவரைத் தேய்க்கும்போதும், உடைத்த கற்களை அள்ளும்போதும் முதலில் தண்ணீர் தெளியுங்கள். உலர்ந்த தரையில் தும்புத்தடி போட்டால் நுண்தூசு மறுபடி எழும்பி மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். என் மனைவி நான்கு முறை கூட்டியதெல்லாம் உண்மையில் மாமிக்குத் தீங்காகவே முடிந்தது. ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே சரி.

வைத்தியசாலையிலிருந்து மாமி வந்த பிறகு நாங்கள் செய்தது இதுதான். கீழே ஓர் அறையைத் தெரிந்து, அதிலிருந்த தேவையற்ற துணிகளையெல்லாம் அகற்றினோம். படிக்கட்டு வாயிலைத் தறப்பாளால் மேலிருந்து கீழ்வரை மூடி ஓரங்களை ஒட்டினோம். அறைக் கதவின் அடியில் நனைத்த துவாயைச் சுருட்டி வைத்தோம். குர்ஆன் பிரதிகளையும் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களையும் பொலித்தீன் பைகளில் கட்டி அங்கேயே வைத்தோம். வேலையாட்கள் மாலையில் கடைசி ஒரு மணி நேரத்தைத் துப்புரவுக்கு ஒதுக்க வேண்டுமென்றும், அதற்கும் கூலி உண்டென்றும் பேசி எழுதிக்கொண்டோம். இதைத் தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி கட்டளையிடும் வசனம்தானே!

இன்னொரு விடயம் டெங்கு. கொங்கிறீட் தட்டின் மேல் வரம்பு கட்டி ஒரு வாரமோ அதற்கு மேலோ தண்ணீர் தேக்கி வைப்போம். பீப்பாக்களிலும் வாளிகளிலும் தண்ணீர் கிடக்கும். டெங்கு நுளம்பின் முட்டை பறக்கும் நுளம்பாவதற்கும் ஏறத்தாழ அதே ஒரு வாரம், பத்து நாட்கள்தான் தேவை. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். தேங்கிய நீரை நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை முழுதாக வடித்து மாற்றுங்கள். பீப்பாவை மூடி வையுங்கள்.

மார்க்கச் சட்டம் பற்றி இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் சில கேள்விகளுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். தூசும் மண்ணும் நஜீஸ் அல்ல. தூசு படிந்த உடையோடு தொழலாம். ரமழானின் ஓர் இரவில் மஸ்ஜிதின் ஓலைக் கூரை ஒழுகி, நபிகளார் (ஸல்) அவர்கள் சேற்றிலேயே ஸுஜூது செய்து, நெற்றியில் மண் தெரிய எழுந்தார்கள். நோன்பாளியின் வாய்க்குள் தானாகப் புகும் வீதிப் புழுதியும், மா அரிக்கும்போது பறக்கும் தூசும் நோன்பை முறிக்காது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் கூறுகிறார்கள். வேலைத்தளத் தூசும் அது போன்றதே. ஆனால் கையில் காய்ந்து ஒட்டிய சீமெந்தும் பெயின்ட்டும் தோலில் தண்ணீர் படுவதைத் தடுப்பதால், அவற்றை அகற்றிவிட்டே வுழூ செய்ய வேண்டும். தயம்முமுக்குச் சீமெந்துத் தூள் உதவாது. ஷாஃபிஈ மத்ஹபில் அதற்குத் தூய மண்ணே வேண்டும். குழைத்த சீமெந்து தோலை அரித்துப் புண்ணாக்கும் காரத்தன்மை உடையது. தொழுகை நேரத்துக்குக் காத்திராமல் பட்டவுடனேயே கழுவுங்கள்.

கடைசியாக, அயலவர். பிறருக்குத் தீங்கு செய்வதும், தீங்குக்குத் தீங்கு செய்வதும் இஸ்லாத்தில் இல்லை. பாதையிலிருந்து இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. மணலையும் கல்லையும் பாதையின் பாதிவரை கொட்டி வைத்திருப்பவர் அந்தக் கிளையின் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். அதேவேளை, அயலவர் தமது மரத்தை எமது சுவரில் பொருத்துவதைத் தடுக்க வேண்டாமென்றும் நபிகளார் சொல்லியிருக்கிறார்கள். வீடு கட்டுபவருக்கும் அயலவர் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனால் விட்டுக்கொடுப்பை மற்றவரிடம் எதிர்பார்க்கும் முன்னர், மதிலடியில் நின்று, நாளைக்கு வெட்டு வேலை இருக்கிறது, உடுப்புக் காயப் போட வேண்டாம், பிள்ளைக்குப் பரீட்சையென்றால் சொல்லுங்கள், நேரத்தை மாற்றுகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன செலவாகிவிடும்?

நான் அதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஒரு விதவைச் சகோதரி இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்க்கிறார். டைல்ஸ் வெட்டிய நாட்களில் அவர் பாயில் உலர்த்திய அரிசி மா மூன்று தடவை வீணாகிப்போனது. அவர் எங்களிடம் வாய் திறக்கவில்லை. மௌலவியின் வீடு என்ற மரியாதையாம்! மாமியைப் பார்க்க வந்த இன்னொரு பெண்மணி சொல்லித்தான் என் மனைவிக்குத் தெரியவந்தது. பிறர் பொருளைச் சேதப்படுத்தியவர் ஈடு கொடுக்க வேண்டுமென்பதை, அரபுக் கல்லூரியில் ளமான் என்ற பாடத்தில் மாதக்கணக்கில் படித்தவன் நான். அரிசியின் விலையையும் மூன்று நாள் வியாபாரத்தையும் கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாங்க மறுத்தார். இது அன்பளிப்பல்ல, உங்களுடைய ஹக், நீங்கள் வாங்காவிட்டால் மறுமையில் நான் மாட்டிக்கொள்வேன் என்று சொன்ன பிறகே வாங்கினார். வாங்கிக்கொண்டு, “மௌலவி, இன்னும் எத்தினை நாளைக்கு வெட்டுவாங்க?” என்று கேட்டார். இரண்டு நாள் என்றேன். அந்த இரண்டு நாளும் அவருடைய பாயை எங்கள் வீட்டின் மேற்குத் திண்ணையில் விரித்து மாவை உலர்த்திக்கொண்டார். மாமி அறை ஜன்னலால் பார்த்து, காகம் வராமல் காவல் இருந்தார்.